திரும்ப ஏற முடிகிற கயாக்: மீன்பிடிக்கவும் பொழுதுபோக்கவும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவது எப்படி

கயாக் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது தூண்டில் தாங்கிகள் எத்தனை, இருக்கை எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, மீன் காட்டும் கருவியைப் பொருத்த இடம் உண்டா என்பவற்றைத்தான். இவை எல்லாவற்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: கால் எட்டாத தண்ணீரில் இதிலிருந்து விழுந்தால், யாருடைய உதவியும் இல்லாமல் இதன் மேல் திரும்ப ஏறிவிட முடியுமா? இரண்டாவது கேள்வி: வண்டியிலிருந்து தண்ணீர் வரை, போகும்போது மட்டுமல்லாமல் களைத்துத் திரும்பும்போதும், இதை உங்களால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா? இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடியாத கயாக், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு உரியதன்று. நான் முதலில் வாங்கிய கயாக் அகலமானது, நின்றுகொண்டே தூண்டில் வீசலாம் என்று சொல்லி விற்கப்பட்டது, 40 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அது தண்ணீரில் மிதந்த நாட்களைக் காட்டிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் சுவரில் சாய்ந்திருந்த நாட்களே அதிகம்.

கட்டுமரத்தின் தூரத்து உறவு

சிட்-ஆன்-டாப் என்று விற்கப்படும் இந்த வகையை மேலமர் கயாக் என்று குறிப்பிடுகிறேன். ஆர்க்டிக் பகுதி மக்களிடமிருந்து வந்த பழைய வடிவத்தில், இடுப்புக்குக் கீழுள்ள உடல் படகின் கூட்டுக்குள் நுழைந்துவிடும். கவிழ்ந்தால் அந்தக் கூட்டுக்குள் தண்ணீர் நிரம்பும், அதை இறைத்துத் தீர்க்காமல் மேலே செல்ல முடியாது. மேலமர் கயாக்கோ எல்லாப் பக்கமும் மூடப்பட்டு, உள்ளே காற்று மட்டும் நிறைந்த பிளாஸ்டிக் கூடு. அதன் முதுகில் வார்க்கப்பட்ட பள்ளத்தில் நாம் உட்காருகிறோம். பள்ளத்தின் தரை வெளித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அமையும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதாலும், அந்தத் தரையிலிருந்து அடிப்பாகம் வரை ஊடுருவும் துளைகள் இருப்பதாலும், மேலே ஏறும் அலைநீர் தானாகவே வடிந்துவிடும். இத்துளைகளை ஸ்கப்பர் என்பார்கள்.

இன்றைய வணிக வடிவம் 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் என்பவர் செய்த படகுகளிலிருந்து வளர்ந்தது. ஆனால் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, மேலே மண்டியிட்டுத் துடுப்புப் போட்டு, ஏறிய தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியே வடிய, அலையில் கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிச் செல்லும் கட்டுமரத்தை அறிந்த சோழமண்டலக் கரைக்கு இந்த யோசனையில் புதுமை ஒன்றுமில்லை. மேலமர் கயாக்கைப் பார்த்த ஒரு முதிய மீனவர், அதன் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "கட்டுமரந்தான், பிளாஸ்டிக்குல ஊத்தியிருக்கான்" என்று சொன்னதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

எந்தத் தண்ணீருக்கு?

முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற உப்பங்கழிகளும் ஏரிகளும் ஒரு வகை. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ அலை உடையும் பட்டையைத் தாண்டி நுழைய வேண்டிய திறந்த கடல் வேறொரு வகை. உப்பங்கழிக்கு 9 முதல் 10 அடி நீளம் போதும். குறுகிய இடத்தில் சட்டென்று திரும்பும், எடையும் குறைவு. கடலுக்கு 12 முதல் 14 அடி வரை தேவைப்படும். நீளம் கூடக்கூட வேகத்தின் மேல்வரம்பு உயரும்: நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை அடியில் கணக்கிட்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல், ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) அளவில் கிடைக்கும். 10 அடிக்கு இது ஏறத்தாழ 4.2 நாட், 13 அடிக்கு 4.8 நாட். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் குட்டையான கயாக் தன் வரம்பை நெருங்கும்போது ஒவ்வொரு வலிப்புக்கும் கூடுதல் பலம் கேட்கும் என்பதையும், நீளமானது அதே வேகத்தில் இலகுவாகச் செல்லும் என்பதையும், எதிர்க்காற்றில் இரண்டு கிலோமீட்டர் திரும்பி வரும்போது தோள்பட்டை எடுத்துச் சொல்லும்.

அகலம் 28 அங்குலத்திலிருந்து 36 அங்குலம் வரை கிடைக்கிறது. அகலமான, தட்டையான அடிப்பாகம் அமைதியான நீரில் கட்டில் போல் அசையாமல் இருக்கும். புதியவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். ஆனால் பக்கவாட்டில் அலை வரும்போது தட்டை அடிப்பாகம் அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சாயும். ஓர் எல்லை வரை அசையாமலிருந்து, அதைத் தாண்டியதும் எச்சரிக்கையின்றிக் கவிழ்ந்துவிடும். சற்றுக் குறுகலான, நடுவில் லேசாகக் கூம்பிய அடிப்பாகம் தொடக்கத்தில் தள்ளாடினாலும், சாய்ந்த பிறகு தன்னைத் தாங்கிப் பிடிக்கும். கடலுக்குப் போக எண்ணுபவர் முதல் பத்து நிமிடத் தள்ளாட்டத்தைக் கண்டு அஞ்சிப் பின்வாங்க வேண்டாம். தனியாகக் கடலிலும் கழியிலும் மாறிமாறிச் செல்பவருக்கு 12 அடி நீளம், 30 அங்குல அகலம், 28 கிலோவுக்கு மிகாத எடை என்பது எனக்குப் பிடித்த சமரசம்.

தாங்குதிறன் பற்றி ஒரு கணக்கு. தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்ச எடை, அதற்கு மேல் போனால் கயாக் பயன்படாது என்ற எல்லையே தவிர, வசதியாகச் செல்லும் அளவன்று. அதில் 70 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. 75 கிலோ எடையுள்ளவர், 12 கிலோ சாமான், 8 கிலோ குடிநீரும் பனிக்கட்டியும் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 95 கிலோ. அவருக்கு ஏறத்தாழ 136 கிலோ தாங்குதிறன் வேண்டும். அதற்குக் குறைந்ததில் அமர்ந்தால் பள்ளத்தின் தரை நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கி, தண்ணீரை வடிக்க வேண்டிய துளைகளே தண்ணீரை உள்ளே கொண்டுவரும். பிட்டம் நனைந்துகொண்டே இருந்தால் சுமை கூடிவிட்டது என்று பொருள்.

இருவர் அமரும் கயாக் குழந்தையோடு போக ஏற்றது. மீன்பிடிக்க ஏற்றதன்று, இருவரின் தூண்டில்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

பொருளும் பழையதைச் சோதிப்பதும்

பெரும்பாலானவை சுழல் அச்சில் வார்க்கப்பட்ட பாலிஎத்திலீன். பாறையில் உரசினாலும் மணலில் இழுத்தாலும் தாங்கும். எடை கூடுதல், வெயிலில் நெகிழும். காற்றடைக்கும் வகை, மாடி வீட்டில் இருப்பவருக்கும் வண்டியின் மேல் ஏற்ற முடியாதவருக்கும் உதவும்; ஆனால் மட்டி ஓடுகள் ஒட்டிய பாலத் தூண்களுக்கு அருகே தூண்டில் முள்ளோடு அதில் உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வருவதில்லை.

பழைய கயாக்கை வாங்கும்போது, அதைக் கவிழ்த்துப் போட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பின்முனையின் அடி. இழுத்து இழுத்துத் தேய்ந்து அங்கே சுவர் மெலிந்திருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். இரண்டாவது, ஸ்கப்பர் துளைகளின் உட்சுவர். துளைக்குள் கம்பியைச் செருகித் தாங்கும் சக்கர வண்டிகளில் ஏற்றி மேடுபள்ளத்தில் இழுத்திருந்தால் அங்கே மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். கூட்டின் முழு எடையையும் தாங்கும்படி அந்தச் சுவர் வார்க்கப்படுவதில்லை. மூன்றாவது, தாங்கிகளும் கைப்பிடிகளும் திருகப்பட்ட இடங்கள். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், கூட்டின் மேலுள்ள மூடியைத் திறந்து பத்து லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றி, மூடி, கயாக்கை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஊற்றிய தண்ணீர் எங்கே வெளியே கசிகிறதோ, அங்கேதான் நாளை கடல் உள்ளே வரும். விற்பவர் இதற்கு இசையாவிட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள். நீலமும் சாம்பலும் படத்தில் அழகாக இருக்கும். மீன்பிடிப் படகின் சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு, நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும் உங்கள் தலையும் தெரியாது, படகும் தெரியாது.

துடுப்பு, மிதி, லைஃப் ஜாக்கெட்

கயாக்குக்குச் செலவிட்டது போக மீதியில் துடுப்பு வாங்குவது பரவலான தவறு. ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் தூக்குவது துடுப்பைத்தான். அதில் 300 கிராம் குறைந்தால் மாலைக்குள் உடல் அதை உணர்ந்துவிடும். 28 அங்குல அகலத்துக்கு 220 அல்லது 230 சென்டிமீட்டர், 32 அங்குலத்தைத் தாண்டினால் 240 சென்டிமீட்டர் நீளம் பொருந்தும். கைகளால் மட்டும் இழுக்காமல், துடுப்பைப் பாதங்களுக்கு அருகே நீரில் இறக்கி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, இலை இடுப்பை எட்டும்போது வெளியே எடுக்க வேண்டும். கால்தாங்கிகளை, முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி அமைத்துக்கொண்டால்தான் உடலின் திருப்பம் படகுக்குப் போய்ச் சேரும். துடுப்பைக் கயாக்கோடு பிணைக்கும் சுருள் கயிறு சிறிய செலவு. அலை உடையும் இடத்தில் மட்டும் அதைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லையேல் உருளும்போது காலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ளும்.

மிதிகளால் இயங்கும் வகைகள் கைகளைத் தூண்டிலுக்கு விட்டுவிடுவதால் மீன்பிடிப்பவருக்குப் பெரிய வசதிதான். ஆனால் உப்பங்கழியின் முழங்கால் ஆழத்தில் அதன் துடுப்புச் செதில் தரையில் தட்டும். சுழலியாக இருந்தால் பாசியையும் அறுந்து மிதக்கும் வலைத்துண்டையும் சுற்றிக்கொள்ளும். மிதி வாங்கினாலும் ஒரு துடுப்பு கூடவே இருக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குப் பின்னால் கட்டி வைப்பவர்களைப் பார்க்கிறேன். விழும்போது கயாக் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் போவீர்கள். அது கயாக்கோடு போகும். முதுகுப் பக்கத்து நுரை மேற்பகுதியோடு நின்றுவிடும், உயர்ந்த இருக்கையில் இடிக்காத கயாக் வகை ஜாக்கெட்டை வாங்கி, பட்டைகளை இறுக்கி, தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காதை எட்டாதபடி அணியுங்கள். காற்றால் ஊதிக்கொள்ளும் வகை, தூண்டில் முட்களோடு பழகுபவருக்கு ஆகாது. ஜாக்கெட்டில் ஒரு விசில், எட்டும் இடத்தில் ஒரு மழுங்கிய முனைக் கத்தி, நீர்புகா உறையில் கைபேசி. இவை உடலோடு இருக்க வேண்டும், படகோடு அல்ல.

விழுந்த பின் ஏறுவது

இதை நான் கடைசியில் சொல்லாமல் நடுவில் சொல்வதற்குக் காரணம், தூண்டிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதைப் பழகிவிட வேண்டும் என்பதுதான். காற்றில்லாத காலையில், துணையோடு, மார்பளவுத் தண்ணீரில் தொடங்குங்கள். பிறகு கால் எட்டாத ஆழத்துக்குப் போங்கள்.

விழுந்த உடனே செய்ய வேண்டியது கயாக்கைப் பிடிப்பது. பத்து வினாடி தாமதித்தாலும் காற்று அதை நீங்கள் நீந்தும் வேகத்தைவிட விரைவாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். கயாக் தலைகீழாகக் கிடந்தால், அதன் நடுப்பகுதிக்கு வந்து, அடிப்பாகத்தின் குறுக்கே கையை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பைப் பற்றுங்கள். உங்கள் பக்க விளிம்பில் முழங்காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் அது புரண்டுவிடும். அகலமான கயாக்கில் கை எட்டாது. அதற்காகவே பக்கக் கைப்பிடியில் ஒரு மீட்டர் நாடாவைக் கட்டி வைத்திருப்பார்கள். அதை அடிப்பாகத்தின் மேல் எறிந்துவிட்டு, மறுபக்கம் வந்து அதைப் பிடித்து உடல் எடையால் இழுக்க வேண்டும்.

அடுத்தது ஏறுவது. புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, கிணற்றுச் சுவரில் ஏறுவதுபோல உடலைச் செங்குத்தாக மேலே இழுப்பது. கால்கள் கயாக்கின் அடியில் போய்விடும், கயாக் உங்கள் மேலேயே கவிழும். மாறாக, இருக்கைக்கு நேராக விளிம்பில் இரு கைகளையும் வைத்து, முகத்தைத் தாழ்த்தி, கால்கள் உங்களுக்குப் பின்னால் நீரின் மேற்பரப்புக்கு வரும் வரை உதையுங்கள். உடல் கிடைமட்டமானதும், உதைப்பதை நிறுத்தாமல், கயாக்கை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதன் மேல் ஏறுவதில்லை, அது உங்களுக்கு அடியில் வருகிறது. தொப்புள் கயாக்கின் நடுக்கோட்டைத் தாண்டும் வரை எழ முயலாதீர்கள். பிறகு வயிற்றில் கிடந்தபடியே புரண்டு, பிட்டத்தை இருக்கையில் இறக்கி, கால்களை இருபுறமும் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசியில்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

சட்டகமிட்ட உயரமான இருக்கை இந்த இடத்தில் வயிற்றில் குத்தும். ஜாக்கெட்டின் முன்பையில் திணித்த குறடும் பெட்டியும் விளிம்பில் மாட்டும். வாங்குவதற்கு முன்பே ஒருமுறை தண்ணீரில் முயன்று பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். பல வாடகை நிலையங்களில் வெவ்வேறு வகைகளில் ஏறிப் பார்க்கலாம். புத்துணர்ச்சியோடு இருக்கையில் மூன்று முறை ஏறிவிட்டால் பழகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுக் களைத்த பிறகு, முழுக்கைச் சட்டையோடும் ஜாக்கெட்டோடும் ஏற முடிகிறதா என்பதே தேர்வு.

காற்றும் அலையும்

புதியவர் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டும் காற்றில் இறங்கக் கூடாது. வேகத்தைவிடத் திசை முக்கியம். சென்னைக்குத் தெற்கேயுள்ள கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலை நேரத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரத்தில் கடல் கண்ணாடிபோலக் கிடக்கும். காரணம், கரையும் மரங்களும் காற்றை மறைத்திருக்கின்றன. அரைக் கிலோமீட்டர் போனதும் முதுகில் காற்று பிடிக்கும், படகு தானே ஓடும், நமக்குத் திறமை கூடிவிட்டதாகத் தோன்றும். திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். ஆகவே எப்போதும் காற்றுக்கு எதிராகப் புறப்பட்டு, காற்றோடு திரும்புவதுபோலப் பாதையை அமையுங்கள். அது முடியாத நாளில் கழிமுகத்துக்குள்ளேயே இருங்கள்.

இராமேசுவரம் பகுதியில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆண் கடல் சீறும்போது பெண் கடல் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை மாறும். கயாக் பயணத்தைத் திட்டமிடுபவர் மாதத்தைப் பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளில் மட்டும் அனுமதியின்றிக் கரையேறக் கூடாது.

காற்றே இல்லாத நாளிலும் ஆபத்து வரலாம். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் நீள் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் திடீரென்று ஏறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அடித்துச் சென்றது அத்தகைய அலைதான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் மையம் இதற்கான எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. வானிலை அறிக்கையோடு அதையும் முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைக் கைபேசியில் சேமித்து, எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

அலை உடையும் பட்டையைக் கடப்பதற்கு அவசரம் ஆகாது. கரையில் நின்று பத்து நிமிடம் அலைகளைப் பாருங்கள். பெரியவை கூட்டமாக வந்து, பின் சற்று நேரம் தணியும். தூண்டில்களைத் தாங்கியில் நிறுத்தி வைக்காமல் படுக்கவைத்துக் கட்டுங்கள். தணிவு தொடங்கியதும் அணியத்தை, அதாவது முன்முனையை, அலைக்கு நேராக வைத்து ஏறி, முன்னால் சாய்ந்து, நிறுத்தாமல் துடுப்புப் போடுங்கள். உடையும் அலையின் முன் தயங்கி நிற்பவரைத்தான் அலை பின்னுக்குத் தூக்கி எறிகிறது. ஸ்கப்பர் துளைகளை அடைக்கும் கட்டைகளை அமைதியான கழியில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். அலையில் அவை இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி நிற்கும்.

திரும்பும்போது அலையின் முதுகில் பின்தொடர்ந்து வாருங்கள், அதன் முன்னால் சறுக்க முயலாதீர்கள். கயாக் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அலையை நோக்கிச் சாய்ந்து, அந்தப் பக்கமே துடுப்பை ஊன்றுங்கள். விழ நேர்ந்தால் கடற்பக்கமாக விழுங்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. தண்ணீர் நிறைந்த பள்ளத்தோடு அடுத்த அலையில் வரும் கூடு முழங்காலை முறித்துவிடும்.

தூண்டிலோடு

முதல் சில நாட்கள் ஒரே ஒரு தூண்டிலோடு செல்லுங்கள். கழிகளில் பாலத் தூண்கள், கற்குவியல்கள், அலையாத்தி வேர்கள் ஆகியவற்றின் நிழலில் கொடுவா, செப்பிலி ஆகிய மீன்கள் பதுங்கியிருக்கும். வற்று நீர் கழிமுகத்தை நோக்கி ஓடும்போது, அது இழுத்து வரும் மடவைக் குஞ்சுகளுக்காகக் கொடுவா வாயிலில் காத்திருக்கும். கயாக்கின் பெரிய பலம் ஓசையின்மை. துடுப்பைப் பலகையில் 'டக்'கென்று வைத்தால் அந்தப் பலம் போய்விடும். பத்துக் கிலோ தாங்கும் பின்னல் நூலின் முனையில் ஒரு மீட்டர் தடித்த தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நூலை) சேர்த்துக்கொள்ளுங்கள், கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு மெல்லிய நூலை அறுத்துவிடும். கடலில் செயற்கை இரையை 20, 30 மீட்டர் பின்னால் விட்டு, கரைக்கு இணையாக மெல்லத் துடுப்புப் போட்டால் பாறை மீனும் சீலா மீனும் ஏறும்.

பெரிய மீன் மாட்டினால் கயாக் அதன் பின்னால் இழுபடும். அது நல்லதே, மீன் விரைவில் களைக்கும். கோலை அணியத்தின் பக்கமாக நீட்டி, மீனைக் கயாக்கின் நீளவாக்கில் இழுக்க விடுங்கள். மீனை எடுக்கும்போது எதிர்ப்பக்கக் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, தலை கயாக்கின் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலை தாண்டினால் உடலும் தாண்டும். கெளுத்தியின் முட்களும் திருக்கையின் வாலும் மடிக்கு அருகே வரக் கூடாதவை. கடல் பாம்போ திருக்கையோ மாட்டினால், தூண்டில் முள்ளை மீட்க ஆசைப்படாமல் நூலை அறுத்துவிடுங்கள். ஒருமுறை கெளுத்தி ஒன்று என் கால்சட்டையில் முள்ளைச் செருகிக்கொண்டு துள்ள, அதைக் கழற்ற நான் பட்ட பாட்டில் துடுப்பு மிதந்து போனதைக் கவனிக்கவில்லை. சுருள் கயிறு அன்றைக்கு வீட்டில் இருந்தது.

நங்கூரம் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். ஆனால் அதைக் கயாக்கின் நடுப்பக்கத்தில் கட்டிவிட்டால், நீரோட்டம் பக்கவாட்டில் அழுத்தி விளிம்பைக் கீழே இழுத்துக் கவிழ்த்துவிடும். அணியத்திலோ, பின்முனையான அமரத்திலோதான் இழுவை விழ வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைச் செய்ய, பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஓடும் கப்பிக் கயிற்றை அமைத்து, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சோடு ஒரு மிதவையையும் சேர்த்து வைப்பார்கள். வேறு படகு விரைந்து வந்தால், கயிற்றை மிதவையோடு கழற்றிவிட்டு விலகிவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் கரையில் இறங்கினாலும், அங்கே வலை தைத்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணே, வலை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை மட்டுமல்ல, லாபமும்கூட. எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதோடு, பல நேரங்களில் எந்தப் பக்கம் போனால் மீன் உண்டு என்பதும் சேர்ந்து கிடைக்கும். கரைவலை இழுக்கப்படும் இடத்துக்கும் கொடி கட்டிய மிதவைகளுக்கும் நடுவே புகக் கூடாது. வலையின் மிதவையில் கயாக்கைக் கட்டவும் கூடாது.

வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும் வேண்டும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

கயாக்கை வண்டியின் மேல் கவிழ்த்து வைத்துக் கட்டுவது நல்லது. நாடாவைக் கையால் இறுக்கினால் போதும். கொக்கியிட்டு நெரித்தால், வெயிலில் நெகிழ்ந்த பிளாஸ்டிக் அப்படியே அமுங்கி நிற்கும். வீட்டில் நிழலில், பக்கவாட்டில் சாய்த்தோ அகலமான நாடாக்களில் தொங்கவிட்டோ வையுங்கள். இரண்டே இரண்டு புள்ளிகளில் தட்டையாக வைத்தால் சில மாதங்களில் அடிப்பாகத்தில் குழி விழும். நல்ல தண்ணீரில் கழுவி, சுக்கான் கம்பி, மிதி, திருகுகள் ஆகியவற்றிலிருந்து உப்பை நீக்குங்கள். கைப்பிடித் திருகுகளை மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கழுவும்போது பின்முனையிலுள்ள வடிகால் திருகுமூடியைத் திறந்து, முன்முனையைத் தூக்கிப் பிடித்து, உள்ளிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு கோப்பை அளவு வருவது இயல்பு. கூட்டின் உட்சுவரில் வியர்க்கும் ஈரமும் மூடியின் ஓரக் கசிவும் அவ்வளவு இருக்கும். இரண்டு லிட்டர் வந்தால் எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது அல்லது ஸ்கப்பர் சுவர் விரிந்திருக்கிறது. முட்டுக்காட்டில் ஒருநாள், வடித்த பிறகு அந்த மூடியைத் திருகாமலே நான் இறங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் வரை எதுவும் தெரியவில்லை; பின்பு ஒவ்வொரு வலிப்புக்கும் கயாக்கின் வயிற்றுக்குள் 'களக்' என்று ஓர் ஒலி முன்னும் பின்னும் ஓடியது, படகு திரும்ப மறுத்தது, அமரம் தாழ்ந்தது. கூட்டுக்குள் தடுப்புச் சுவர் இல்லாததால் உள்ளே புகுந்த தண்ணீர் சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். கரை நூறு மீட்டரில் இருந்தது. அன்றிலிருந்து மூடியைத் திறந்தால், வண்டிச் சாவியை அதன் கயிற்றில் மாட்டி வைக்கிறேன். மூடியைத் திருகாமல் சாவியை எடுக்க முடியாது.